அடிக்க நாலு நிமிடம் எடுத்துக்கொண்டால் என்ன தப்பு? கோல்ஃபில் நேரமும் துணிச்சலும், புதியவர்களுக்காக

கோல்ஃபை டிவியில் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஆட்டத்தின் வேகம்தான். பந்து அசையாமல் கிடக்கிறது. எதிரே யாரும் ஓடி வந்து வீசவில்லை, மறிக்க எதிரணியும் இல்லை. அப்படியிருந்தும் ஆட்டக்காரர் பந்துக்குப் பின்னால் நிற்கிறார், புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்க்கிறார், கேடியிடம், அதாவது பையைச் சுமந்துகொண்டு யோசனையும் சொல்லும் உதவியாளரிடம், ஏதோ கேட்கிறார், மட்டையை மாற்றுகிறார், பிறகு பழைய மட்டையையே திரும்ப எடுக்கிறார். இதைச் சோம்பல் என்றோ பகட்டு என்றோ நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அங்கே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: துணிந்து அடிப்பதா, அடக்கி அடிப்பதா? தாமதத்தைத் தனியாகவும் இந்தக் கணக்கைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியாகப் புரியாது, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

அடிப்படை மட்டும் முதலில். ஒரு சுற்றுக்கு 18 குழிகள், பெரிய போட்டிகள் பெரும்பாலும் நான்கு நாள், நாளுக்கு ஒரு சுற்று. குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிப்பார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று ஒரு எண் உண்டு, அதுதான் பார். ஒன்று குறைவாக முடித்தால் பர்டி, இரண்டு குறைவு என்றால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. பார் 5 குழிதான் நமக்கு இங்கே முக்கியம். அங்கே மூன்றாவது அடியில் குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையை, அதாவது கிரீனை, அடைவது வழக்கமான வழி. ஆனால் நீளமாக அடிக்கத் தெரிந்தவர் இரண்டாவது அடியிலேயே எட்டிவிடலாம். எட்டினால் ஈகிளுக்கு வாய்ப்பு. தவறினால் குளம், மணல், மரம், ஏதாவது ஒன்று காத்திருக்கும், ஏனென்றால் மைதானத்தை வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் வம்பை வைக்கிறார்கள். அந்த வம்பைத் தொடாமல் இரண்டாவது பந்தைக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டு, மூன்றாவதில் சுலபமாகப் போவதற்கு லே-அப் என்று பெயர்.

இப்போது 2018 ஜனவரி 28. கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பக்கம், கடலை ஒட்டிய டோரி பைன்ஸ் மைதானம், ஃபார்மர்ஸ் இன்ஷூரன்ஸ் ஓப்பன் போட்டியின் கடைசி நாள், கடைசிக் குழி. அது ஒரு பார் 5, கிரீனுக்கு முன்னால் ஒரு குளம். 1975இல் புரூஸ் டெவ்லின் என்ற ஆஸ்திரேலியர் அந்தக் குளத்தில் திரும்பத் திரும்பப் பந்தைப் போட்டு அந்த ஒரு குழிக்கு மட்டும் 10 அடி எடுத்தார், குளத்துக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. கடைசிக் குழுவில் மூன்று பேர்: ஜே. பி. ஹோம்ஸ், அலெக்ஸ் நோரன், ரயன் பால்மர். முன்னாலேயே ஆடி முடித்துவிட்ட ஜேசன் டேயோடு நோரன் சம நிலையில் முதலிடத்தில் இருக்கிறார். ஹோம்ஸ் இரண்டு அடி பின்னால். கணக்கு சுத்தமானது: ஹோம்ஸ் ஈகிள் அடித்தால்தான் சமன் செய்ய முடியும்.

அவர் பந்து ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகும் வெட்டிய புல் பாதையில், நல்ல இடத்தில் கிடந்தது, குழியில் நட்ட கொடிக்கு ஏறத்தாழ 240 யார்டு. அவர் உலகத்தில் மிக நீளமாக அடிப்பவர்களில் ஒருவர். ஆனால் எதிர்க்காற்று, அதுவும் விட்டு விட்டு அடித்தது. காற்று அடங்கினால் குளத்தைத் தாண்டலாம், அடங்காவிட்டால் தண்ணீர். எனவே காத்திருந்தார். கேடியோடு பேசினார், மறுபடி காத்திருந்தார். அவரைத் தாண்டி நின்றுகொண்டிருந்த நோரனுக்கும் அடுத்த அடி அதே குளத்தைத் தாண்டித்தான். நான்கு நிமிடம் பத்து விநாடி கழித்து ஹோம்ஸ் அடித்தார். துணிந்து இல்லை. லே-அப்.

இந்த முடிவு சரியா தப்பா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை, எந்தப் போட்டியிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஒரு ஆட்டக்காரர் இதே இடத்திலிருந்து பத்து முறை துணிந்து அடிக்கிறார் என்று வையுங்கள். ஒரு முறை ஈகிள், நான்கு முறை பர்டி, மூன்று முறை பார், இரண்டு முறை தண்ணீரில் விழுந்து போகி. மொத்தம் 46 அடி, சராசரி 4.6. அதே ஆள் பத்து முறையும் லே-அப் செய்கிறார்: நான்கு பர்டி, ஆறு பார். கூட்டிப் பாருங்கள், அதுவும் 46தான், சராசரியும் அதே 4.6தான். சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டு வழிக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் முன்னிலையில் இருப்பவருக்கு அந்த இரண்டு போகி வேண்டவே வேண்டாம், எனவே அவர் லே-அப் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஈகிள் இல்லாவிட்டால் கோப்பை இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கோ, அந்த ஒரே ஒரு ஈகிளைத் தவிர மற்ற ஒன்பதும் ஒன்றுதான். கோல்ஃபில் துணிச்சல் என்பது குணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, ஸ்கோர் பலகையில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

அப்படியானால் ஹோம்ஸ் செய்தது தப்புதானே? கோப்பையை மட்டும் பார்த்தால் ஆமாம், லே-அப் செய்த பிறகு மூன்றாவது அடி நேரே குழிக்குள் விழுந்தால்தான் ஈகிள். ஆனால் பணம் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் போட்டியை உள்ளடக்கிய அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் அப்போதைய வழக்கப்படி மொத்தப் பரிசில் முதல் இடத்துக்கு 18 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 10.8, மூன்றாவதுக்கு 6.8, நான்காவதுக்கு 4.8. அந்த வாரம் மொத்தப் பரிசு 69 லட்சம் டாலர். ஒரு இடம் கீழே இறங்கினாலும் போகிற தொகை சின்னதில்லை, தரவரிசைப் புள்ளிகளும் கூடவே போகும். ஹோம்ஸ் அன்றைக்கு நான்காவதாக முடித்தார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் எப்போதும் இரண்டு போட்டியை ஒரே நேரத்தில் ஆடுகிறார், ஒன்று கோப்பைக்கு, இன்னொன்று பிழைப்புக்கு. இரண்டும் எதிர்த் திசையில் இழுக்கும்போதுதான் அந்த நான்கு நிமிடம் பிறக்கிறது.

லே-அப் செய்பவர்களைக் கோழை என்று சொல்லும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு, அதற்கு, ஆண்டுதோறும் ஒரே மைதானத்தில் நடக்கும் பெரிய போட்டியான மாஸ்டர்ஸின் 1993 ஆட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். கடைசி நாள் 15ஆவது குழியில் பெர்ன்ஹார்ட் லாங்கரை விட மூன்று அடி பின்தங்கியிருந்த சிப் பெக், குளத்தைத் தாண்டப் பார்க்காமல் லே-அப் செய்தார். லாங்கர் ஜெயித்தார், பெக் இரண்டாவது, அந்த ஒரு முடிவுக்காக அவரை இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். ஆனால் அதே மாஸ்டர்ஸ் மைதானத்தில் 2007இல் ஜாக் ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? நான்கு நாளும் சேர்த்து 16 முறை பார் 5 குழிகளை ஆடினார், ஒரு முறைகூட இரண்டாவது அடியில் கிரீனுக்குப் போக முயலவில்லை. பதினாறு முறையும் லே-அப். அந்தக் குழிகளில் மட்டும் பாரை விட 11 அடி குறைவு. டைகர் வுட்ஸ் உட்பட மூன்று பேரை இரண்டு அடி வித்தியாசத்தில் பின்னால் தள்ளிவிட்டு மாஸ்டர்ஸை ஜெயித்தார். குளிரும் காற்றுமாக இருந்த வாரம் அது, எல்லாரும் தடுமாறினார்கள். ஜான்சன் நீளமாக அடிப்பவர் இல்லை, குறுகிய தூரத்தில் கெட்டிக்காரர். அவருக்கு அந்த வழி ஒத்துவந்தது. முக்கியமாக, ஒவ்வொரு முறையும் பந்துக்கு முன்னால் நின்று புதிதாக யோசிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

இனி நேரம். விதிப் புத்தகம் சொல்வது எளிது: உங்கள் முறை வந்து, தடங்கல் ஏதும் இல்லை என்றால் 40 விநாடிக்குள் அடித்துவிடுங்கள். ஆனால் இது பரிந்துரை, கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. 2018இல் இருந்த பிஜிஏ டூர் நடைமுறைப்படி, ஒரு குழு முன்னால் போகும் குழுவை விட்டுப் பின்தங்கினால்தான் அதிகாரி வந்து எச்சரித்துக் கடிகாரத்தைத் தட்டுவார், அதாவது ஒவ்வோர் அடிக்கும் நேரம் அளக்கத் தொடங்குவார். அதற்குப் பிறகும் ஒரு முறை நேரம் தாண்டினால் எச்சரிக்கைதான். இரண்டாவது முறை தாண்டினால்தான் ஓர் அடி தண்டனை. ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? முன்னால் போகும் குழுவும் மெதுவாகப் போனால் பின்னால் வருபவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவர் பின்தங்கியவராகக் கணக்கில் வரமாட்டார். அதிகாரி வந்து நின்றதும் விறுவிறுவென்று நான்கு குழி ஆடிவிட்டு, அவர் போனதும் பழையபடி மெதுவாக ஆடியவர்களும் இருந்தார்கள்.

விநாடிக்கணக்கெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஒரு சுற்றுக்கு ஒருவர் 70 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேர் குழுவுக்கு 210. ஒவ்வோர் அடிக்கும் 40 விநாடி என்றாலே 2 மணி 20 நிமிடம், நடக்கும் நேரம் தனி. இப்போது ஒவ்வோர் அடிக்கும் வெறும் 20 விநாடி கூடுதலாக எடுக்கிறார்கள் என்றால்? 70 நிமிடம் ஏறிவிடுகிறது. நான்கே கால் மணி நேரச் சுற்று ஐந்தரை மணி ஆவது இப்படித்தான். டோரி பைன்ஸில் அன்று கடைசிக் குழுவுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. பிறகு நோரன், டே, பால்மர் மூவரும் சமமாக முடித்துக் கூடுதல் குழிகள் ஆட, ஐந்து குழிகளிலும் முடிவு வராமல் இருட்டிவிட்டது. ஆறாவது குழிக்காகத் திங்கட்கிழமை காலை திரும்ப வர வேண்டியதாயிற்று.

துணிச்சலான ஷாட்டே தாமதத்தை உண்டாக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பார் 5 குழியை எல்லாரும் மூன்று அடியில் ஆடினால் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது அடியிலேயே எட்டப் பார்க்கிறவர் முன்குழு கிரீனை விட்டு இறங்கும்வரை நடுவில் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் யார் தலையிலாவது பந்து விழும். இப்போதைய ஆட்டக்காரர்கள் அடிக்கிற தூரத்துக்கு, முன்பு எட்டாத குழிகளும் எட்டுகின்றன. ஒரே டிரைவில், அதாவது முதல் அடியிலேயே, கிரீனைத் தொடுகிற குட்டையான பார் 4 குழிகளிலும் இதே நெரிசல்தான். இதில் ஆட்டக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதையும் ஹோம்ஸ் எடுத்துக்கொண்ட நான்கு நிமிடத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஏனென்றால் தாமதத்தின் உண்மையான விலையை அடுத்தவர்தான் கொடுக்கிறார். நோரனை நினைத்துப் பாருங்கள். பர்டி அடித்தால் அங்கேயே கோப்பை. உடம்பு சூடாக இருக்கிறது, எந்த மட்டை என்று முடிவு செய்தாயிற்று, ஆனால் கூட ஆடுகிறவர் இன்னும் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்கு நிமிடம் சும்மா நிற்கும்போது கை குளிர்ந்துபோகும், எடுத்த முடிவின் மேல் சந்தேகம் வரும். நோரன் தன் முறை வந்ததும் துணிந்துதான் அடித்தார், பந்து கிரீனைத் தாண்டிப் பார்வையாளர் மேடைப் பக்கம் போய் நின்றது, பாரோடு முடித்தார். தாமதம்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் காத்திருந்தவர் அவர், காக்க வைத்தவர் வேறு ஒருவர். எனக்கு இதில் உறுத்துவது அதுதான். திங்கட்கிழமை அதே 18ஆவது குழியில் நோரன் மறுபடியும் குளத்தைத் தாண்டப் பார்த்தார், பந்து கரையில் பட்டுத் தண்ணீருக்குள் போனது, டே பர்டி அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

சரி, கண்டிப்பாகக் கடிகாரம் வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். 2009 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தில் ஃபயர்ஸ்டோன் மைதானத்தில் நடந்ததைக் கேளுங்கள். கடைசி நாள், டைகர் வுட்ஸும் அயர்லாந்துக்காரர் பாட்ரெய்க் ஹாரிங்டனும் சேர்ந்து ஆடுகிறார்கள், ஹாரிங்டன் ஓர் அடி முன்னிலை. இருவரும் முன்குழுவை விட்டுப் பின்தங்கிவிட்டதால் 16ஆவது குழியில் அதிகாரி ஜான் பாராமர் கடிகாரத்தைத் தட்டினார். 667 யார்டு நீளமான பார் 5 அது. ஹாரிங்டன் ஒரு சிக்கலிலிருந்து இன்னொரு சிக்கலுக்குப் போய், கிரீனுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட வேண்டிய நுட்பமான அடியை அவசரமாக அடிக்க, பந்து கிரீனையே கடந்து முன்னாலிருந்த குளத்தில் விழுந்தது. அந்தக் குழிக்கு 8 அடி. டைகர் 178 யார்டிலிருந்து கொடியை உரசுகிற மாதிரி ஒரு ஷாட் அடித்துப் பர்டி. ஒரே குழியில் நான்கு அடி மாறிவிட்டது, டைகர் நான்கு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்தவரே அந்தக் கடிகாரம் ஆட்டத்தைப் பாதித்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். பதினைந்து குழிவரை இல்லாத கடிகாரம் பதினாறாவதில் திடீரென்று முளைத்தால் யாருக்குமே கை பதறும்.

கண்டிப்பு வேண்டும், ஆனால் அது முதல் குழியிலிருந்தே, எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டும். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. பிஜிஏ டூரில் 1995க்குப் பிறகு 2017வரை மெதுவாக ஆடியதற்காக ஒருவருக்கும் ஓர் அடிகூடத் தண்டனை விழவில்லை. இடையில் 2013இல், பிஜிஏ டூர் நடத்தாத மாஸ்டர்ஸில், சீனாவிலிருந்து வந்த குவான் தியான்லாங் என்ற பையனுக்கு ஓர் அடி தண்டனை விழுந்தது. அவனுக்கு வயது 14. விதிப்படி சரிதான், ஆனால் பெரியவர்கள் ஏறத்தாழ இருபது வருடமாகத் தப்பித்துக்கொண்டிருந்த விதி ஒரு பள்ளிக்கூடப் பையன் மேல்தான் விழ வேண்டுமா?

ஒரே மாதிரி செய்து பார்த்த இடமும் உண்டு. 2018 ஜூனில் ஆஸ்திரியாவில் ஐரோப்பிய டூர் ஒரு போட்டி நடத்தியது, ஷாட் கிளாக் மாஸ்டர்ஸ் என்றே பெயர். ஒவ்வொரு குழுவோடும் கடிகாரம் பொருத்திய வண்டி ஒன்று கூடவே போனது. முதலில் அடிப்பவருக்கு 50 விநாடி, மற்றவர்களுக்கு 40, தாண்டினால் உடனே ஓர் அடி. ஆனால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடுதல் நேரம் கேட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டாவது ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கஷ்டமான முடிவுக்கு நேரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறது, ஆனால் எந்த இடத்தில் செலவழிப்பது என்பதை ஆட்டக்காரரே தீர்மானிக்க வேண்டும். நான்கு நாளும் சேர்த்து மொத்தத் தண்டனை நான்கு அடிதான். ஃபின்லாந்தின் மிக்கோ கோர்ஹோனன் ஜெயித்தார், பாரை விட 16 அடி குறைவாக. வேகமாக ஆடினால் தரம் குறையும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை.

பெண்களுக்கான எல்பிஜிஏ டூர் 2025இல் தண்டனையை இன்னும் தெளிவாக்கியது. குழுவுக்குக் கடிகாரம் வைத்த பிறகு ஐந்து விநாடிவரை தாண்டினால் அபராதம், ஆறிலிருந்து பதினைந்து விநாடி என்றால் ஓர் அடி, அதற்கு மேல் இரண்டு அடி. பணம் படைத்த ஆட்டக்காரருக்கு அபராதம் வலிக்காது, ஓர் அடி வலிக்கும். அந்த ஓர் அடியில் எவ்வளவு பரிசுத் தொகை அடங்கியிருக்கிறது என்று மேலே பார்த்தோம்.

அடுத்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழி பார் 5 ஆக இருந்தால் இப்படிப் பாருங்கள். முதலில் பலகை, ஆட்டக்காரருக்கு என்ன தேவை, பாரா, பர்டியா, ஈகிளா? அடுத்து பந்து கிடக்கும் இடம்: ஃபேர்வேயின் வெட்டிய புல்லிலா, ஓரத்து நீளமான புல்லிலா? நீளமான புல்லிலிருந்து குளத்தைத் தாண்டுவது பெரிய ஆட்டக்காரருக்கும் கஷ்டம். அப்புறம் கொடி எங்கே நடப்பட்டிருக்கிறது, தண்ணீர்ப் பக்கமா, பின்பக்கமா? இந்த மூன்றும் ஆட்டக்காரருக்கு நடந்து வரும்போதே தெரியும், தன் டிரைவ் விழுந்த இடத்துக்கு வந்து சேர அவருக்குச் சில நிமிடம் இருந்தது. மிச்சம் இருப்பது காற்று ஒன்றுதான். அவர் முறை வந்து, வழியும் திறந்த பிறகு நீங்களே மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். நாற்பது தாண்டியும் கேடியோடு பேச்சு முடியவில்லை என்றால், கேமரா காட்டாத இன்னொருவர் பக்கத்திலேயே மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறார், அவர் அடுத்து என்ன அடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.